கண்முன் காட்டினால் போதுமா?

பெரிய நிறுவனமொன்றின் மேலிடத்தில் மறுவடிவமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கேட்கப் போகிறவர்களுக்கு இன்று கிடைக்கும் முதல் அறிவுரை, "அறிக்கை எழுதாதே, செய்து காட்டு" என்பது. இந்த வழக்கத்துக்குப் பெரும் செல்வாக்கைத் தேடித் தந்தது பிரிட்டன் அரசின் கவ் டாட் யூகே இணையதளம்.

அதற்கு முன் அங்கே மக்களுக்கு டைரக்ட்கவ், தொழில் செய்வோருக்கு பிசினஸ் லிங்க், இவை போகத் துறைக்கொரு தளம் என்று இருந்தது. 2010-ல் இணையத் தொழில்முனைவோர் மார்த்தா லேன் ஃபாக்ஸ், அமைச்சர் பிரான்சிஸ் மோடுக்குக் கடிதம் எழுதினார். இணையத்தில் அரசைத் தேடி வருபவர் என்ன பார்க்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் முழு அதிகாரமும் ஒரே மையக் குழுவிடம் இருக்க வேண்டும் என்றார். அதன் பிறகு ஒரு சிறு குழு 12 வாரங்களில், சுமார் 2,61,000 பவுண்டு செலவில், ஆல்ஃபாகவ் என்ற சோதனைத் தளத்தை உருவாக்கி 2011 மே மாதம் பொதுமக்கள் பார்வைக்கே வைத்தது. 2012 அக்டோபர் 17-ல் பழைய இரண்டு தளங்களும் கவ் டாட் யூகே-க்கு வழிவிட்டன.

இந்த முறையின் பலம் உண்மையானது. ஸ்லைடில் 'எளிமை' என்று போட்டால் எல்லா இயக்குநர்களும் தலையாட்டுவார்கள். ஒவ்வொருவர் மனதிலும் இருப்பது வேறு வேறு எளிமை. திரையில் பக்கம் வந்துவிட்டால் பேச்சு இந்தக் கேள்வி தேவையா, இந்தப் பொத்தான் எங்கே போகிறது என்று இறங்கிவிடுகிறது. தன் துறையின் பெயர் முகப்பில் இருக்காது என்பதை ஒரு செயலர் அறிக்கையில் படிப்பதும் திரையில் பார்ப்பதும் ஒன்றல்ல. எதிர்ப்பு அப்போதே வரும். செலவு குறைவாக இருக்கும்போதே அது வருவது நல்லது.

ஆனால் இப்படிச் செய்து காட்டும் மாதிரி, காட்ட முடிந்ததை மட்டுமே காட்டுகிறது. ஆல்ஃபாகவ் குழு, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதியைத் தெரிந்தே தள்ளி வைத்தது. சோதனைதானே என்று வாதிட இடமுண்டு. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. தலைவர்கள் கண்ட வடிவத்துக்குத்தான் ஒப்புதல் தருகிறார்கள். முதல் வடிவத்தில் இல்லாதவர்கள் பிறகு கூடுதல் செலவாகக் கணக்கில் ஏறுகிறார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் திரைக்குப் பின்னால் இருக்கிறது. தகவல் பக்கங்களை மாற்றி எழுதுவது ஒரு வேலை. பணம் கணக்கிட்டுக் கொடுக்கும் சேவையை மாற்றுவது முற்றிலும் வேறு வேலை. அரசு முன்னுதாரணமாகத் தேர்ந்தெடுத்த 25 சேவைகளில் ஒன்று, இங்கிலாந்து விவசாயிகளுக்கான மானிய விண்ணப்பம். வயல் எல்லைகளை விவசாயியே இணைய வரைபடத்தில் குறிக்க வேண்டியிருந்தது. அந்த வரைபடப் பகுதியும் மானிய விதிகளைச் சரிபார்க்கும் மென்பொருளும் ஒன்றோடொன்று இணைந்து இயங்கவில்லை. 2015 மார்ச்சில், விண்ணப்பக் காலத்தின் நடுவே, விவசாயிகள் காகிதப் படிவத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். திட்டச் செலவு 15.5 கோடி பவுண்டிலிருந்து 21.5 கோடியாக உயர்ந்ததென்று அந்த ஆண்டின் இறுதியில் தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்னது. தலைமையில் இருந்தவர்களுக்குள் நிலவிய பிணக்கையும் அது சுட்டிக்காட்டியது. இவை எதுவும் ஒரு மாதிரித் திரையில் தெரியக்கூடியவை அல்ல.

கவ் டாட் யூகே-யைப் பின்பற்றுகிறவர்கள் இன்னொன்றையும் விட்டுவிடுகிறார்கள். அங்கே மாதிரி பிறக்கும் முன்பே, மாற்றத்தை விரும்பிய அமைச்சர் இருந்தார். செலவைக் குறைத்தாக வேண்டிய புதிய கூட்டணி அரசு இருந்தது. அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்ட கடிதம் இருந்தது. வெற்றியில் அந்தக் கடிதத்தின் பங்கு மாதிரியின் பங்குக்குக் குறைந்ததல்ல என்பது என் கணிப்பு.

ஆகவே செய்து காட்டுவதை நான் கைவிடச் சொல்லவில்லை. அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டச் சொல்கிறேன். பத்து அழகிய பக்கங்களுக்குப் பதிலாக ஒரே ஒரு விண்ணப்பம், பழைய தரவுத்தளத்தைத் தொட்டு, விதிகளில் தேறி, பணம் கணக்கில் ஏறும் வரை போகட்டும். அந்தத் தரவுத்தளத்தை அன்றாடம் கையாளும் ஊழியரும் ஒப்புதல் கூட்டத்தில் உட்கார்ந்து, எங்கே சிக்கும் என்று தலைவர்களிடம் நேரில் சொல்லட்டும். இதற்கு 12 வாரம் போதாது என்றால், ஒப்புதல் கேட்கும்போதே அந்தக் கூடுதல் காலத்தையும் கேட்க வேண்டும்.