சாதிச் சான்றிதழும் ஞானஸ்நானமும்

வானூர், திண்டிவனம் இரண்டுமே தனித்தொகுதிகள். மரக்காணம் உப்பளத்தில் ஒரே பாத்தியில் உப்பு வாரும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒரே சேரி, அண்ணன் தம்பி பிள்ளைகளாகவும் இருக்கலாம். ஒருவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர், மற்றவர் மாதா கோயிலுக்குப் போகிறவர். முன்னவர் இங்கே வேட்பாளராக நிற்கலாம்; பின்னவர் ஓட்டு மட்டும் போடலாம். சாதியின் பேரால் அடி விழுந்தால் முன்னவருக்கு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு, பின்னவருக்குக் கிடையாது. அடிக்கிறவன் ஞானஸ்நானம் ஆச்சான்னு கேட்டுட்டா அடிக்கிறான்?

இந்தப் பிளவை உண்டாக்கியது 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது அது. சீக்கியருக்காக 1956இலும் பௌத்தருக்காக 1990இலும் அது திருத்தப்பட்டது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் கதவு திறக்கவில்லை.

மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதி இழிவு தொடர்கிறது என்பதற்குச் சாட்சியம் எங்கே என்று கேட்டது உச்ச நீதிமன்றம் (சூசை வழக்கு, 1985). வழக்குப் போட்டவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி. அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் அவருக்கு மட்டும் மறுக்கப்பட்டிருந்தது. சாட்சியமா? அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தனிப்பங்கு கேட்ட தலித் கிறித்தவர்கள் 2008 மார்ச்சில் சாதிக் கிறித்தவர்களாலேயே தாக்கப்பட்டார்கள். இன்னொரு பக்கம், தாய்மதம் திரும்பியவரைச் சொந்தச் சாதியார் ஏற்றுக்கொண்டால் பட்டியல் சாதித் தகுதி மீண்டும் கிடைக்கும் என்று 2015இல் அதே நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் இடைப்பட்ட காலத்தில் அந்தச் சாதி எங்கே போய் உட்கார்ந்திருந்தது?

சாட்சியம் இலக்கியத்திலும் இருக்கிறது. பாமாவின் 'கருக்கு' (1992) மடத்துக்குள்ளேயும் சாதி இருப்பதைச் சொன்னது. நம் விமர்சகர்கள் அதைத் தன்வரலாறு என்றார்கள், வலி என்றார்கள், மொழியைக் கொண்டாடினார்கள். ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) வேலைக்காக இந்துவாக மாறும் தலித் கிறித்தவனின் கதை. அதன் அங்கதத்தை ரசித்தோம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நிற்கும் சட்டத்தை யார் வாசித்தோம்?

புதுச்சேரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ராஜ் கௌதமன் 2024 நவம்பரில் இறந்தார். இரண்டு வாரத்துக்குள், புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுச் செய்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நம்பிக்கையில்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. சிலுவை நாவலில் செய்தது அதைத்தான். நாவலோ குற்றவாளிக் கூண்டில் சட்டத்தையே நிறுத்துகிறது. நம்பிக்கையைச் சான்றிதழுக்கு விலையாகக் கேட்பது யார், சிலுவையா, 1950ஆம் ஆண்டு ஆணையா?

இங்கே 'சிறுபான்மை' என்பது மதக் கணக்கு, 'தலித்' என்பது சாதிக் கணக்கு. இரண்டிலும் விழுகிறவர் எதிலும் முழுசாக விழுவதில்லை. திருச்சபைக்கு அவர் எண்ணிக்கை. அரசுக்கு அவர் பிற்படுத்தப்பட்டவர். ஊருக்கு மட்டும் அவர் என்றைக்கும் சேரிக்காரர். அரசியல் நிர்ணய சபைக்காக 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் அம்பேத்கர் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. சிறுபான்மை யார் என்பதற்குச் சமூகப் பாகுபாட்டையே அவர் உரைகல்லாக வைத்தார்; தீண்டப்படாதவர்கள் சிறுபான்மையினும் மேலான பாதுகாப்புக்கு உரியவர்கள் என்றார்.

நீதிமன்றம் 1985இல் கேட்ட சாட்சியத்துக்குப் பெயர் தலித் இலக்கியம். அதை அழகியலாக மட்டும் வாசிப்பது அந்தச் சாட்சியை வாயடைப்பது. இனி எழுதப்படும் விமர்சனம், பிரதியோடு சேர்த்துச் சான்றிதழையும் வாசிக்க வேண்டும்.