மெய்ப்பாட்டியலும் குழந்தையின் மனமொழியும்

மலேசியாவில் 2022ஆம் ஆண்டு நடத்தப்பெற்ற தேசிய உடல்நல ஆய்வு, 13 முதல் 17 வயதிற்குட்பட்ட மாணவருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டதைப் புலப்படுத்தியது. எனினும், தன் மனநிலையைத் தமிழில் எடுத்துரைப்பதற்குரிய சொற்களை நம் வகுப்பறைகள் குழந்தைக்குப் போதிய அளவில் வழங்குகின்றனவா என்பது எண்ணத்தக்கது.

தொடக்கப்பள்ளியில் ஆத்திசூடி முதலிய நீதிநூல்கள் பயிற்றப்படுகின்றன. இவை ஏவலும் விலக்குமாக அமைந்தவை. சினத்தைத் தணிக்கச் சொல்வது இவற்றின் நோக்கம். அச்சினம் எதனால் பிறந்தது என வினவுவது நோக்கமன்று. இது நீதிநூல்களின் குறை ஆகாது. அவற்றை மட்டுமே மனப்பயிற்சியாகக் கொள்ளும் கற்பித்தல் முறையின் குறையே ஆகும்.

அவ்வினாவை எழுப்பும் மரபும் தமிழில் உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல், எண்வகை உணர்வுகளை வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் களன்கள் நந்நான்கு எனக் கூறுகின்றது. அழுகையின் களன்களுள் இழப்பும் வறுமையும் மட்டுமன்றி, பிறரால் இகழப்படுதலும் பண்டைய நிலையினின்று தாழ்தலும் இடம்பெறுகின்றன. வெகுளியின் களன்களோ உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன. சினப்பவன் ஏதோ ஒரு தீங்கிற்கு எதிர்நிற்கின்றான் என்பதே இவ்வைப்பின் உட்கிடை. இவ்வாறு நோக்கும் ஆசிரியர், முரண்டு பிடிக்கும் மாணவனிடம் "ஏன் அடங்கவில்லை?" என்று கேளார், "உனக்கு என்ன நேர்ந்தது?" என்றே கேட்பார்.

மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு உடலின்வழிப் புலப்படுதலாகும். சொல்லத் தெரியாத குழந்தை வயிற்றுவலி என்றும் தலைவலி என்றும் முறையிடுவதை, பொய் எனத் தள்ளாமல் மெய்யின் மொழியாகக் கேட்க இக்கருத்து துணைபுரியும். மேலும், இவ்வியல் சுட்டும் கையாறு, இடுக்கண், நடுக்கு முதலியன, 'கவலை' என்னும் ஒரே சொல்லுள் நாம் அடக்கிவிடும் வேறுபாடுகளை உணர்த்துகின்றன. செயலற்று நிற்பதும் அஞ்சி நடுங்குவதும் ஒன்றல்ல.

ஆயினும், இவ்வியலை உளவியல் நூலாகக் கொள்ளுதல் பொருந்தாது. இது செய்யுளுக்குரிய இலக்கணம். அச்சத்தின் களன்களாக இது கூறும் அணங்கும் விலங்கும் கள்வரும் இறையும் இன்றைய மாணவனின் அச்சங்களை முழுதும் தழுவா. தேர்வும் பகடிவதையும் பெற்றோர் பிணக்கும் அவற்றோடு சேர்க்கப்படல் வேண்டும். மேலும், கண நேரத்தில் தோன்றி மறையும் உணர்வு வேறு. வாரக்கணக்கில் நீடித்து உறக்கத்தையும் உணவையும் கெடுக்கும் சோர்வு வேறு. பின்னதை இனங்காண்பதும் ஆற்றுவதும் மருத்துவர், உளவளத்துணைஞர் பணியாகும்.

தமிழாசிரியரின் பணி அதற்கு முற்பட்டது. கதைமாந்தர் செய்தது சரியா, தவறா என்று வினவுவதோடு நில்லாது, அம்மாந்தர் என்ன உணர்ந்தார், அது எதனால், உடலில் எவ்வாறு தெரிந்தது என்னும் மூன்று வினாக்களையும் பாடவேளையில் எழுப்பலாம். பிறர் துயரைப் பெயரிட்டுப் பழகிய குழந்தைக்கே தன் துயரைப் பெயரிடுதல் எளிதாகும். பெயரிடப்பட்ட துயருக்கே உதவி கேட்க இயலும்.