ரெய்டில் போட்ட எஸ்எஸ்டி எழுதத் திணறுவது ஏன்?

சாம்சங் 870 க்யூவிஓ எஸ்எஸ்டியின் விவரத்தாளில் ரேண்டம் ரைட் 88,000 ஐஓபிஎஸ் என்று போட்டிருக்கிறது. அதே நிறுவனம் சர்வர்களுக்கென்றே செய்யும் பிஎம்893 டிரைவின் 960 ஜிபி மாடலுக்கு அந்த எண் சுமார் 30,000தான். விலையும் முதலாவதற்குத்தான் குறைவு. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் க்யூவிஓவில் நான்கை வாங்கி, ரெய்டு 5 போட்டு, சர்வர் பறக்கும் என்று நம்புவதில் வியப்பே இல்லை. ஆனால் டேட்டாபேஸ் ஏறியதும் கதை மாறுகிறது. படிக்கும் வேகம் அப்படியே இருக்க, எழுதும் வேலை மட்டும் ஊர்கிறது. பழி முதலில் ரெய்டு கன்ட்ரோலர் மீது விழும், அடுத்து ஃபைல் சிஸ்டம் மீது. இரண்டுக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் இத்தகைய மந்தத்தின் வேர் பெரும்பாலும் டிரைவிலேயே இருக்கிறது. 'எழுதிவிட்டேன், இனி மின்சாரம் போனாலும் கவலையில்லை' என்று உடனே உறுதி சொல்ல அந்த டிரைவால் முடிவதில்லை. விவரத்தாளின் பெரிய எண்கள் எதுவும் இந்தக் குறையைக் காட்டுவதில்லை.

டேட்டாபேஸ் எழுதும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். போஸ்ட்கிரெஸ் ஆனாலும் மைஎஸ்கியூஎல் ஆனாலும், வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு கமிட்டின்போதும் லாகை எழுதி, எஃப்சிங்க் அழைத்து, அது நிரந்தரமாகப் பதிந்ததா என்று உறுதி செய்துகொண்ட பிறகே பயனருக்குப் பதில் சொல்லும். அந்த அழைப்பு டிரைவுக்குப் போய்ச் சேரும்போது, 'உன் கேஷில் இருப்பதையெல்லாம் இறக்கு' என்ற ஃப்ளஷ் கட்டளையாகிறது. சாதாரண எஸ்எஸ்டி தன் டிராமில் வைத்திருக்கும் தரவையும், எந்தத் தரவு எங்கே என்று குறித்துவைத்த அட்டவணையின் மாற்றங்களையும் நேண்ட் சிப்பில் பதித்து முடிக்கும்வரை பதில் சொல்ல முடியாது. சர்வர் வகை டிரைவின் பலகையிலோ வரிசையாகக் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. மின்சாரம் அறுந்தாலும் டிராமில் உள்ளதைச் சிப்பில் இறக்கிவிடும் அளவுக்கு அவற்றில் மின்னூட்டம் இருப்பதால், ஃப்ளஷ் வந்ததுமே அந்த டிரைவ் துணிந்து 'சரி' என்கிறது. கணக்கு எளிது. ஒரு ஃப்ளஷுக்கு 5 மில்லிசெகண்டு பிடித்தால், ஒன்றன்பின் ஒன்றாகக் கமிட் செய்யும் இணைப்பு நொடிக்கு 200-ஐத் தாண்ட முடியாது. 0.05 மில்லிசெகண்டு என்றால் 20,000 வரை இடமிருக்கிறது. 88,000 என்ற எண்ணோ 32 கோரிக்கைகளை ஒரே நேரத்தில் வரிசையில் நிறுத்தி, ஃப்ளஷ் எதுவும் கேட்காமல் அளந்தது. பிஎம்893-இன் 30,000, மணிக்கணக்கில் ஓய்வின்றி எழுதினாலும் குறையாமல் நிலைக்கும் வேகம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கவே கூடாது.

நான்கு டிரைவ் சேர்ந்தால் வேகம் நான்கு மடங்காகாதா என்று கேட்கலாம். பெரிய ஃபைலை ஒரே மூச்சில் எழுதும்போது ஓரளவு கூடும். ஃப்ளஷ் விஷயத்தில் நேர்மாறு. லினக்ஸின் எம்டி ரெய்டில் ஃப்ளஷ் எல்லா உறுப்பு டிரைவுகளுக்கும் போகிறது. எல்லாம் பதில் சொன்ன பிறகே மேலே பதில் வரும். ஆகவே காத்திருப்பு எப்போதும் மிக மெதுவான டிரைவின் காத்திருப்புதான். நான்கில் ஒன்று உள்ளே குப்பை ஒதுக்கும் வேலையில் இருந்தால் நான்கும் நிற்கும். அதன்மேல் ரெய்டு 5-இன் பாரிட்டிச் சுமை வேறு. 8 கேபி அளவுள்ள ஒரே ஒரு போஸ்ட்கிரெஸ் பக்கத்தை மாற்ற, பழைய தரவைப் படி, பழைய பாரிட்டியைப் படி, புதுத் தரவை எழுது, புதுப் பாரிட்டியை எழுது என்று நான்கு செயல்கள். ரெய்டு 6-இல் ஆறு, ரெய்டு 10-இல் இரண்டு. இதனால்தான் பலர் பாரிட்டியைக் குற்றம் சாட்டி ரெய்டு 10-க்கு மாறச் சொல்கிறார்கள். மாறுவது நல்லதே, டேட்டாபேஸுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் ஃப்ளஷுக்குத் தாமதிக்கும் டிரைவ் ரெய்டு 10-இலும் தாமதிக்கும். பாதி நோய்க்குத்தான் அது மருந்து.

க்யூவிஓ போன்ற க்யூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட்) டிரைவுகளில் இன்னொரு தடை இருக்கிறது. அதன் 1 டிபி மாடலில் நொடிக்கு 530 எம்பி என்ற ரைட் வேகம், டர்போரைட் எனப்படும் எஸ்எல்சி கேஷ் நிரம்பும்வரைதான். அந்தக் கேஷ் அதிகபட்சம் 42 ஜிபி. அதைத் தாண்டினால் நொடிக்கு 80 எம்பி என்று நிறுவனமே அச்சிட்டுத் தந்திருக்கிறது. நான்கு டிரைவ் ரெய்டு 5-இல் தரவு தாங்குவது மூன்றின் கொள்ளளவு என்பதால், பேக்அப்பை மீட்கும்போது ஏறத்தாழ 126 ஜிபி வரை பாய்ந்து ஓடி, பிறகு எவ்வளவு நன்றாக அமைத்தாலும் 240 எம்பிக்கு இறங்கிவிடும். 'முதலில் நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று படுத்துவிட்டது' என்ற புகாரின் விளக்கம் இதுதான். கவனிக்க வேண்டியது இன்னும் இருக்கிறது. 42 ஜிபியில் நிலையானது 6 ஜிபி மட்டுமே. மற்ற 36 ஜிபி டிரைவில் உள்ள காலியிடத்தைக் கடன் வாங்கியது. எது காலி என்று டிரைவுக்குச் சொல்வது ட்ரிம் கட்டளை. பல ஹார்டுவேர் ரெய்டு கன்ட்ரோலர்கள் அதைக் கீழே அனுப்புவதில்லை. அழித்த ஃபைல்களையும் உயிருள்ள தரவு என்றே நம்பும் டிரைவ், பாதி காலியாக இருந்தும் நிரம்பியதுபோல் நடந்துகொள்கிறது.

கன்ட்ரோலரின் ரைட்பேக் கேஷைப் போட்டால் போதாதா என்பது வலுவான கேள்வி. பேட்டரியோ ஃப்ளாஷ் காப்போ உள்ள கேஷ் என்றால், அது உண்மையான தீர்வே. டிரைவில் இல்லாத கெபாசிட்டர் வேலையைக் கன்ட்ரோலர் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அந்தக் காப்பு நலமாக இருக்கும்வரைதான். பேட்டரி சோர்ந்ததும், மெகாரெய்டு வகைக் கன்ட்ரோலர் தன்னிச்சையாக ரைட்த்ரூவுக்கு, அதாவது டிரைவில் எழுதி முடித்த பிறகே பதில் சொல்லும் முறைக்கு, இறங்கிவிடும். அதன் நிலை அறிக்கையில் 'டீஃபால்ட் கேஷ் பாலிசி: ரைட்பேக்' என்ற வரிக்குக் கீழே 'கரண்ட் கேஷ் பாலிசி: ரைட்த்ரூ' என்று இருந்தால் மர்மம் அங்கேயே தீர்ந்தது. இரண்டாவது வரியைப் பார்க்காமல் நாள்கணக்கில் ஃபைல் சிஸ்டத்தைத் துருவுவது வீண் உழைப்பு. அதே திரையில் டிரைவின் சொந்தக் கேஷ் அணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அணைந்திருந்தால் சாதாரண எஸ்எஸ்டி ஒவ்வொரு ரைட்டையும் நேரே சிப்பில் பதிக்க வேண்டும், வேகம் தரைமட்டமாகும். பேட்டரி இல்லாமலே ரைட்பேக்கைக் கட்டாயப்படுத்தும் வசதியும் அங்கே உண்டு. யூபிஎஸ் இருக்கிறதே என்று அதைத் தொடுபவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: சர்வரின் பவர் சப்ளையே கருகினால், யூபிஎஸ் பேட்டரியே காலை வாரினால், கேஷில் இருந்த கணக்குகளை யார் திருப்பித் தருவார்? நல்ல சர்வர் டிரைவுகளுக்கோ கன்ட்ரோலர் கேஷ் பல நேரம் தேவையே இல்லை. மெகாரெய்டின் ஃபாஸ்ட்பாத் வசதி எஸ்எஸ்டிகளுக்கு ரைட்த்ரூவையே கேட்கிறது.

இவற்றில் எது உங்கள் நோய் என்று கண்டுபிடிக்க அளக்க வேண்டும், அதுவும் சரியானதை அளக்க வேண்டும். டிடி கட்டளையால் ஜீரோக்களை ஒரு ஃபைலில் கொட்டிப் பார்ப்பது, டைரக்ட் விருப்பம் தராவிட்டால், சர்வரின் ரேமைத்தான் அளக்கிறது. அதற்குப் பதில் ஃபியோ என்ற சோதனைக் கருவியில் 4 அல்லது 8 கேபி அளவு, ஒரே வேலை, வரிசை ஆழம் 1, ஒவ்வொரு ரைட்டுக்கும் ஒரு எஃப்டேட்டாசிங்க் என்று ஓட்டுங்கள். டிவைஸின் பெயரைக் கொடுத்துவிடாதீர்கள், தரவு அழியும். தனி ஃபைல் ஒன்றில் ஓட்டுங்கள். போஸ்ட்கிரெஸுடன் வரும் எஃப்சிங்க் சோதனைக் கருவியும் இதையே சொல்லும். ஓடும்போது இன்னொரு திரையில் ஐஓஸ்டாட்டின் விரிவான வடிவத்தைத் திறந்து வையுங்கள். 5.5 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னலில், புதிய ஐஓஸ்டாட் ஃப்ளஷுக்கெனத் தனிக் காத்திருப்புப் பத்தி காட்டும். சாதாரண ரைட்டின் காத்திருப்பு சிறிதாகவும் ஃப்ளஷின் காத்திருப்பு பெரிதாகவும் இருந்தால், குற்றவாளி டிரைவ் என்று எழுதிக்கொள்ளலாம். பயன்பாட்டுச் சதவீதப் பத்தியை நம்பாதீர்கள். பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் செய்யும் எஸ்எஸ்டிக்கு அது 100 காட்டினாலும் இடமிருக்கக்கூடும். அளவுகோல் வேண்டுமென்றால் எட்சிடி என்ற டேட்டாபேஸின் ஆவணம் தருகிறது: 99 சதவீத லாக் ஃப்ளஷ்கள் 10 மில்லிசெகண்டுக்குள் முடிய வேண்டும். புது டிரைவில் ஐந்து நிமிடம் ஓட்டி முடிவு கட்டுவதும் தவறு. முழுக் கொள்ளளவையும் இரண்டு முறை எழுதி நிரப்பி, வேகம் நிலைத்த பிறகே அளக்க வேண்டும் என்பது சேமிப்புத் துறைச் சங்கமான எஸ்என்ஐஏவின் சோதனை நெறி.

எஃப்சிங்க்கையே அணைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. போஸ்ட்கிரெஸில் ஒத்திசைவுக் கமிட்டை மட்டும் நிறுத்தினால், மின்சாரம் போகும்போது கடைசிச் சில கமிட்கள் தொலையும், டேட்டாபேஸ் கெடாது. நிகழ்வுப் பதிவுகள் போன்ற தரவுக்கு இது நேர்மையான சமரசம். எஃப்சிங்க்கை முழுதாக அணைத்தாலோ டேட்டாபேஸே சிதையலாம். பணப் பரிமாற்றத்துக்கு இரண்டும் ஆகாது. சர்வர் டிரைவின் விலை அதிகம் என்ற வாதத்தையும் மதிக்கிறேன். சிறு நிறுவனத்துக்கு நான்கு டிரைவின் விலை வித்தியாசம் சிறியதல்ல. ஆனால் 870 க்யூவிஓ 1 டிபிக்கு எழுதும் ஆயுள் 360 டிபி. பிஎம்893 960 ஜிபிக்கு 1,752 டிபி. ஆயுளால் வகுத்தால் மலிவானது எது என்பது மாறிவிடும்.

ஆகவே, படிப்பது அதிகமும் எழுதுவது சொற்பமுமான கிடங்குக்கு க்யூவிஓ தாராளமாகப் போதும். டேட்டாபேஸுக்கும் விர்ச்சுவல் மெஷின்களுக்கும் வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பேட்டரிக் காப்புள்ள கன்ட்ரோலரையும் ரெய்டு 10-ஐயும் பயன்படுத்தி, டிரைவில் பத்து இருபது சதவீதத்தைத் தொடாமல் விட்டால் ஓரளவு மீளலாம். புதிதாக வாங்குபவர்கள் விவரத்தாளில் 'பவர் லாஸ் புரொடெக்ஷன்' வரியைத் தேடுங்கள், அது எதைக் காக்கிறது என்றும் கேளுங்கள். க்ரூஷியல் எம்எக்ஸ்500-இல் பேசப்படும் மின்னிழப்புக் காப்பு ஏற்கெனவே சிப்பில் பதிந்த தரவை மட்டுமே காக்கிறது, வழியில் இருக்கும் தரவை அல்ல. விற்பவர் அந்த வித்தியாசத்தை எழுத்தில் தராவிட்டால், ஆர்டர் போடாதீர்கள்.