படக்கிடங்கும் நூலகமும்

நூலகம் என்ற சொல்லை வகுத்தவர்கள் அதனுள் வாசகனுக்கும் ஓர் இருக்கை போட்டே வகுத்தனர். பட்டியலைப் புரட்டிப் பார்த்து இன்ன நூல் வேண்டும் என்று அவன் கேட்பான். நூலகர் எடுத்துத் தருவார். தொலைக்காட்சி வணிகத்தில் 'பிலிம் லைப்ரரி' என்று வழங்குவது வேறு. ஒரு நிறுவனம் விலை கொடுத்து வாங்கிச் சேர்த்துள்ள திரைப்படங்கள், தொடர்கள் ஆகியவற்றின் உரிமைத் தொகுதிக்கே அங்கு அப்பெயர். பொதுமக்கள் புரட்டிப் பார்க்கும் முழுமையான பட்டியல் அதற்கு இல்லை. உடையவர் காட்டும்போது காணலாம். காட்டாதவை இருக்கின்றனவா, அழிந்தனவா என்று அறிய வழியில்லை. ஆகவே இக்கட்டுரையில் அதனைப் படக்கிடங்கு என்றே குறிப்பிடுகிறேன். சொல் சற்றுக் கடுமையாகத் தோன்றின் அன்பர்கள் பொறுத்தருள்க. கிடங்கு இழிந்த சொல் அன்று; நெல்லையும் கிடங்கில்தான் வைக்கிறோம்.

தமிழில் இக்கிடங்குகளின் வரலாறு நீண்டதன்று. 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது, படத்தைக் காட்டுவதே பெரிதாக இருந்தது; சேர்த்து வைப்பது எவர் நினைவிலும் இல்லை. 1993 ஏப்ரல் 14, சித்திரைத் திருநாளன்று சன் தொலைக்காட்சி தோன்றியது. அடுத்த ஆண்டே ராஜ் தொலைக்காட்சி வந்தது. அது வீடியோ கேசட் வணிகத்திலிருந்து வளர்ந்த நிறுவனம் ஆதலின், பழைய படத்தின் விலை அதற்கு முன்பே தெரியும். 2001இல் சன் குழுமம் திரைப்படங்களுக்கென்றே கே டிவியைத் தொடங்கிற்று. இரவும் பகலும் படம் காட்ட வேண்டுமெனில் படம் வேண்டுமல்லவா? திரையரங்குகளில் ஓடி ஓய்ந்துபோன படத்துக்கு இனி ஒரு காசும் பெயராது என்றிருந்த தயாரிப்பாளர்களுக்கும் அவர்தம் வாரிசுகளுக்கும் இது எதிர்பாராத வரவாயிற்று. கேட்டவிடத்தில் கையெழுத்திட்டனர். தென்னிந்திய மொழிப் படங்களின் மிகப் பெரிய தொகுதிகளுள் ஒன்று இன்று அக்குழுமத்திடம் இருக்கிறது; 2017 முதல் 'சன் நெக்ஸ்ட்' என்னும் இணையச் செயலி வழியாகவும் அதிலிருந்து படங்கள் வருகின்றன.

விஜய் தொலைக்காட்சியின் கதை இன்னும் சுவையானது. 2001இல் அது ஸ்டார் குழுமத்துக்குப் போயிற்று. 2019இல் ஸ்டாரே டிஸ்னிக்குப் போயிற்று. 2024 நவம்பரில் ரிலையன்ஸ் குழுமத்துடன் இணைந்து ஜியோஸ்டார் ஆயிற்று. கோடம்பாக்கத்தில் எடுத்த ஒரு தொடர், தன் கதாநாயகி கூடத்தை விட்டு நகராதிருக்கையிலேயே, ஆஸ்திரேலியாவில் பிறந்த பத்திரிகை முதலாளி முதல் அமெரிக்கக் கேலிச்சித்திர நிறுவனம் வரை பல கைகளைப் பார்த்துவிட்டது.

கிடங்குக்காரரைக் குறை கூறுமுன் நன்றியைச் சொல்லிவிட வேண்டும். விலையில்லாக் காலத்தில் நாம் என்ன செய்தோம்? முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31இல் வெளிவந்தது. அதன் படி ஒன்றும் இன்று கிடைத்திலது. 1937இல் வந்த 'சிந்தாமணி' பெரு வெற்றி பெற்றது. அதன் பெயரால் மதுரையில் ஒரு திரையரங்கே எழுந்தது. பாடல்கள் இசைத்தட்டில் வாழ்கின்றன, படம் இல்லை. பழைய நைட்ரேட் சுருள்கள் எளிதில் தீப்பற்றுவன. பின்னர் வந்த அசிடேட் சுருள்களோ புளிக்காடி நாற்றம் எடுத்துச் சுருங்கி நைந்துபோவன. இவற்றுக்குத் தப்பியவற்றையும், சுருளில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்க எடைக்குப் போட்டோம். இந்நிலையில் ஒரு படத்துக்கு விலை வந்ததே அதற்கு ஆயுள் வந்ததாயிற்று. விலையுள்ள பொருளை எவரும் எடைக்குப் போடார்.

தலைநகரில் வாழும் நமக்கு இந்நன்றி ஒரு படி கூடுதல். என் சிறு வயதில் ஞாயிறு பிற்பகலில் தூர்தர்ஷன் ஒளிபரப்பும் மாநில மொழிப் படங்களுள் தமிழின் முறை எப்போது வரும் என்று காத்திருப்போம். இன்று ஜனக்புரியில் தமிழ்ப் பள்ளி இருந்தும் பல வீடுகளில் பிள்ளைகள் தமிழைக் கண்ணால் அறியாது செவியால் மட்டுமே அறிகின்றனர். அச்செவித் தமிழுக்குப் பெரும் பங்கு அளித்தது தொலைக்காட்சிப் படமே. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் இங்கேதான் வினா எழுகின்றது. அப்பிள்ளைகளிடம் போய்ச் சேர்வது எந்தப் படம்? எடுத்தவர் எடுத்தபடியா, காட்டுபவர் நறுக்கியபடியா?

ஓர் எடுத்துக்காட்டு கூறுவேன். 'சர்வர் சுந்தரம்' 1964இல் ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட படம், கே. பாலசந்தரின் கதை, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், நாகேஷ் நாயகன். அதில் ஒரு பாடற்காட்சி தமிழ்த் திரையிலேயே தனித்து நிற்பது. எம்.எஸ். விஸ்வநாதன் வாத்தியக் குழுவினரை நடத்துகிறார், டி.எம். சௌந்தரராஜன் ஒலிவாங்கியின் முன் நின்று பாடுகிறார். நடிகர் வாயசைக்க, பாடியவர் மறைந்தே நிற்பது நம் திரையின் மரபு. அம்மரபைத் தானே விலக்கி, இப்பாட்டைச் செய்தவர் இன்னார் என்று படம் நமக்குக் காட்டும் இடம் அது. பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலைவரிசையில் சில ஆண்டுகளுக்கு முன் இப்படத்தைக் கண்டேன். எழுத்துப் பட்டியலைப் பாதியில் வெட்டியிருந்தனர். இப்பாடற்காட்சியின் முற்பகுதி விளம்பரத்துக்கு இடம் விட்டு விலகியிருந்தது. சதுர வடிவப் படத்தை அகலத்திரைக்கு இழுத்ததில் நாகேஷ் சதைபோட்டிருந்தார். ஒல்லியான உடம்பை வைத்தே சிரிக்கவும் அழவும் வைத்த கலைஞர் அவர். கண்டு மகிழ்ந்த என் பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

ஏட்டுச்சுவடி காலத்தில் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தோம்: பாடபேதம். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் அச்சிட்டபோது, ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் திரட்டினார், ஒன்றோடொன்று ஒப்பிட்டார், வேறுபட்ட பாடங்களைக் குறித்தார், ஏடு தந்தவர் பெயர்களை முகவுரையில் நன்றியுடன் பதிந்தார். ஏடு ஆதீனத்துக்குச் சொந்தமாக இருக்கலாம், கவிராயர் வீட்டுக்குச் சொந்தமாக இருக்கலாம். நூல் அவர்களுக்குச் சொந்தம் என்று அவர்களும் எண்ணவில்லை. படக்கிடங்குகளில் ஏடு உண்டு, உடையவர் உண்டு, பதிப்பாசிரியர் இல்லை. ஒரு படத்தின் முழு நீளம் எவ்வளவு, தணிக்கையில் போனது எது, மறுவெளியீட்டில் போனது எது, தொலைக்காட்சிக்காகப் போனது எது என்று ஒப்பிட்டு உரைப்பார் இல்லாமையால், கடைசியாக நறுக்கிய படியே மூலம் ஆகிவிடுகிறது. திரைப்படத் திறனாய்வு என்ற பெயரில் நம்மவர் எழுதுவனவற்றுள் பலவும் இத்தகைய குறைப்படிகளைப் பார்த்து எழுதியவை என்பது என் ஐயம். பாடத்தைத் தீர்மானிக்காமல் நயம் பாராட்டுவது எப்படி?

இனிச் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளிவந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் நீடிக்கும். அதன்பின் எவருக்கும் உரியது. அதே சட்டம் திரைப்படத்தின் ஆக்கியோன் தயாரிப்பாளரே என்கிறது, இயக்குநர் அல்லர். படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் ஆக்கியோனுக்கே. அவ்வாக்கியோனோ விற்றுவிட்டுப் போனவர். கேட்பதற்கு அவருக்கு என்ன கவலை? தமிழ்த் திரையுலக ஒப்பந்தங்களில் '99 ஆண்டு' என்னும் சொற்றொடர் வழங்குகிறது. 60 ஆண்டே உயிருள்ள உரிமையை 99 ஆண்டுக்கு எழுதிக் கொடுப்பது, ஓய்வு பெற்றபின்னும் விடுப்புக்கு விண்ணப்பிப்பது போல. எழுத்தர் வேலை பார்ப்பவன் ஆதலின் இத்தகைய இடங்களில் என் பேனா தானே நின்றுவிடும்.

அமெரிக்காவில் இதே வழக்கு வேறு வடிவில் வந்தது. டெட் டர்னர் என்னும் தொலைக்காட்சி முதலாளி 1986இல் எம்.ஜி.எம். நிறுவனத்தை வாங்கினார். படப்பிடிப்பு நிலையத்தைச் சில மாதங்களில் விற்றுவிட்டுப் பழைய படங்களின் தொகுதியை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசத் தொடங்கினார். ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' மட்டும் தப்பியது. வெல்ஸ் இளமையில் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் படத்தைத் தொட இடமில்லாதிருந்தது. 1991இல் பிரெஞ்சு நாட்டின் உச்சநீதிமன்றம், ஜான் ஹ்யூஸ்டன் இயக்கிய படத்துக்கு வண்ணம் பூசிக் காட்டுவது படைத்தவரின் உரிமையைப் புண்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. அதே டர்னர், 1994இல் பழைய படங்களை வெட்டாமல், இடையில் விளம்பரமின்றிக் காட்டும் அலைவரிசை ஒன்றையும் தொடங்கினார். அதுவும் ஏப்ரல் 14 என்பது ஒரு வேடிக்கை. ஆக, கிடங்குக்காரர் மனம் வைத்தால் நூலகரும் ஆகலாம். ஆனால் அவர் மனத்தை நம்பி இருப்பதைத் தவிர நமக்கு வேறு பிடி இல்லையா என்பதே என் கேள்வி.

அச்சு நூலுக்கு அப்பிடி உண்டு. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பதிப்பாளரும் தம் நூலின் படிகளைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமரா உள்ளிட்ட வேறு நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். நம் தில்லிப் பொது நூலகமும் அவற்றுள் ஒன்று. அச்சட்டம் நூலோடும் செய்தித்தாளோடும் நின்றுவிட்டது. அரசுக் கோப்புக்கும் பிடி உண்டு. முடிந்த கோப்பை ஏ, பி, சி என்று வகைப்படுத்தி, எது என்றும் காக்கத்தக்கது, எது சில ஆண்டுகளில் கழிக்கத்தக்கது என்று குறித்தே பதிவறைக்கு அனுப்புகிறோம். 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் வந்தபின், விதிக்கு மாறாக ஓர் ஆவணத்தை அழிப்பது குற்றம். குடிநீர்க் குழாய் பழுதுபார்த்த கோப்புக்கு இத்தனை காவல்! 'தியாகபூமி'க்கு?

'தியாகபூமி' என்றேன், அது வாய்த்தபடி தப்பியது. கே. சுப்பிரமணியம் 1939இல் எடுத்து, ஆங்கில அரசு தடைசெய்த அப்படத்தின் படி, புணேயில் 1964இல் அமைந்த தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் உள்ளது. பி.கே. நாயர் என்னும் காப்பாளர் பல ஆண்டு அலைந்து திரட்டிய செல்வம் அக்காப்பகம். அங்குள்ள மற்றொரு படத்தின் கதையையும் சொல்ல வேண்டும். 1933இல் 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப்படம் திருவனந்தபுரத்தில் திரையிடப்பட்டதும், மூல நாவலின் உரிமை பெற்றிருந்த புத்தக நிலையத்தார் வழக்குத் தொடுத்தனர். படம் நிறுத்தப்பட்டு அவர்கள் வசம் போயிற்று. நாற்பது ஆண்டு அந்தப் புத்தகக் கடையில் கிடந்து, 1974இல் காப்பகத்துக்கு வந்தது. அக்காலத்தில் எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மௌனப்படங்களுள் மிகச் சிலவே எஞ்சின. வழக்கில் தோற்றது அவற்றுள் ஒன்று. உரிமையாளர் பூட்டியதால் பிழைத்தது. பின்னர் பொதுக் காப்பகம் திறந்ததால்தான் அது பிழைத்த செய்தியே நமக்குத் தெரிந்தது. அக்காப்பகமும் 2003 ஜனவரியில் நைட்ரேட் சுருள்கள் பலவற்றைத் தீக்குக் கொடுத்தது. 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. ஆகவே அரசு காத்தால் போதும், தனியார் காத்தால் கெடும் என்று வாதிட நான் வரவில்லை. ஒரே ஏடு ஒரே வீட்டில் இருப்பது ஆபத்து, வீடு எவருடையதாயினும்.

1964இல் வெளிவந்த தமிழ்ப் படங்களின் 60 ஆண்டு 2024 டிசம்பர் 31உடன் நிறைவுற்றது. 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை', 'படகோட்டி', மேலே கூறிய 'சர்வர் சுந்தரம்' எல்லாம் அவ்வாண்டுப் படங்கள். 'கர்ணன்' அவ்வாண்டினதே, அதைப் புதுப்பித்து 2012இல் மீண்டும் வெளியிட்டபோது திரையரங்குகளில் மக்கள் திரண்டதை நாம் அறிவோம். பாடல் வரிகளுக்கு உள்ள உரிமை தனி. கண்ணதாசன் 1981இல் மறைந்தார் ஆதலின் அவர் வரிகளுக்கு 2041 வரை காவல் உண்டு. படத்தைப் பொறுத்தமட்டில் சட்டம் தன் பூட்டைக் கழற்றிவிட்டது. நம் சங்க மண்டபத்தில் 'சர்வர் சுந்தரம்' முழுமையாகத் திரையிட வேண்டுமாயின், பாட்டுக்குரியதைக் கட்டிவிட்டு, படத்துக்கு எவர் இசைவையும் கேட்க வேண்டியதில்லை. எழுத்துப் பட்டியல் குறையாத, பாடல் வெட்டுப்படாத, நாகேஷ் ஒல்லியாகவே இருக்கும் ஒரு படி வேண்டும். அதை எந்த முகவரிக்கு எழுதிக் கேட்பது என்பதைச் சட்டம் சொல்லவில்லை.