திருநாளைப்போவார் வரலாறும் அறநெறியும்

தருமம் என்னும் வடசொற்பொருளைத் தமிழ்ச் சான்றோர் அறம் என்று வழங்கினர். அஃது இரு கூறாய் நிற்கும். குலம், தொழில், நிலை என்பன பற்றி வேறுபடுவது ஒன்று. எவ்வுயிர்க்கும் பொதுவாய்ச் சிவபெருமானை நோக்கி நிற்பது மற்றொன்று. இவ்விரண்டும் முரணியவழி எது வலியது என்பதே இக்காலத்தார் தருமத்தைக் குறித்து எழுப்பும் வினாக்களுள் தலையாயது. அதற்கு விடை காண்டற்குத் திருநாளைப்போவார் வரலாறு தக்க கருவியாம்.

திருமயிலையில் பங்குனித் திங்களில் நிகழும் அறுபத்துமூவர் விழாவிற்கு நந்தனம், தியாகராய நகர் முதலிய இடங்களினின்றும் செல்லும் அன்பர் பலர். ஆண்டு இந்நாயனாரை வணங்குவோர் நெஞ்சில் பெரும்பாலும் எழுவது சேக்கிழார் பாடிய வரலாறு அன்று. கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றி 1861 இல் அச்சேறிய சரித்திரக் கீர்த்தனையும், அதன் வழிவந்த 1942 ஆம் ஆண்டுத் திரைப்படமும் காட்டிய கதையே. வேதியராகிய ஆண்டையும், நாற்பது வேலி நிலம் ஓரிரவில் விளைந்தமையும் கீர்த்தனையில் உள்ளன, பெரியபுராணத்தில் இல்லை.

இவ்வேறுபாடு கதைச்சுவை பற்றியது மட்டும் அன்று. அறத்தின் வடிவையே மாற்றுவது. பண்ணையாளரின் துயரைப் பலர் செவிக்கும் கொண்டு சேர்த்தது கீர்த்தனையின் பெருஞ்சிறப்பு. அதனை மறுத்தல் நடுவுநிலை ஆகாது. ஆயினும், வேலை முடிந்த பின்னரே வழிபாடு என்னும் ஆண்டையின் கட்டளையைத் திருவருளே நிறைவேற்றித் தருவதாக அமைந்தமையின், ஆண்டை பின்னர் மனந்திரும்பினும், அக்கட்டளை அறமோ என்னும் வினா ஆண்டுக் கேட்கப்படாமலே ஒழிகின்றது.

சேக்கிழார் கூறுவது வேறு. ஆதனூரில் தமக்குரிய மானிய நிலத்தின் விளைவால் வாழ்ந்த நாயனார், கோயில் முரசு முதலியவற்றுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்தார். குலத்தொழிலே சிவத்தொண்டாயிற்று. அவர் அளித்த தோல் கோயிலுள் முழங்க, அளித்தவர் வாயிற்புறம் நின்றார். இரு தருமங்களுக்கும் இடையுள்ள முரண் இவ்வாறு வசைச்சொல் ஒன்றுமின்றியே விளங்கிவிடுகின்றது. திருப்புன்கூரில் இறைவன் நந்தியை விலகச் செய்து காட்சி தந்தமையே அம்முரணுக்கு விடை.

இனித் தில்லையில் நாயனார் எரி புகுந்த செய்தி இக்காலத்தார்க்கு இடர்ப்பாடு தருவது. அதனை உருவகம் என்று கூறிக் கடத்தல் எளிது, நூலுக்கு நேர்மையன்று. அப்பிறவி நீங்குதற்பொருட்டே எரி என்பது நூற்கருத்து. அவ்வளவில் அக்காலக் குலவரம்பை நூல் முற்றும் கடந்ததில்லை. ஆயின் திருப்புன்கூரில் தீ வேண்டப்படவில்லை. ஆண்டு விலகியது நந்தியே, அடியார் அல்லர். இக்காலத்தார் பின்பற்றத்தக்க முறை அதுவேயாம்.

1939 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலும், 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துப் பிற கோயில்களும் எல்லார்க்கும் திறந்தன. வாயில் திறந்த அளவில் அறம் முற்றுப்பெறாது. கழிவுநீர்க் குழியுள் மக்களை இறக்கித் தூய்மை செய்வித்தலை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பின்னரும், அக்குழிகளில் மூச்சடங்கி மாய்ந்தோர் பலர். அவர்தம் உழைப்பால் தூய்மை பெற்ற நகரில் நீராடி, நீறணிந்து, கோயில் செல்வோர், தோலை ஏற்றுக்கொண்டு தந்தவரைப் புறத்தே நிறுத்திய பழையோரினின்றும் எவ்வாற்றான் வேறுபட்டார்?

சிவபெருமானை இகழ்ந்து செய்த தக்கன் வேள்வி தீதாய் முடிந்தமையைச் சிவஞான சித்தியார் எடுத்துக்காட்டும். அவன் அடியாரை இகழ்ந்து செய்யும் ஆசாரமும் அவ்வேள்வியோடு ஒக்கும். நாளைப் போவேன் என்றது நாயனார்க்கு ஆர்வமும் அச்சமும் கலந்த சொல். அச்சத்திற்குக் காரணரானோர் அந்நாளை என்னும் சொல்லைத் தம் கடமையைத் தள்ளிவைத்தற்குக் கொள்ளுதல் தகாது. அவர்க்குரிய நாள் இன்றே என்க.

திருச்சிற்றம்பலம்.