பல்லில் பதியும் சிவப்பு

பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்அப்பின் பின் ஆக்சிலைத் திறந்தால் முதலில் எழுவது எண்ணெயின் வாசனை. கந்தக நெடி. கையில் பட்டால் இரண்டு முறை சோப்பு போட்டாலும் போகாது. பட்டறையில் பலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்த நெடி பிடிக்கும். அந்தக் கந்தகம் அங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணமே ஓர் அழகான யோசனைதான்.

நீளவாக்கில் வரும் என்ஜின் சுழற்சியைக் குறுக்கே திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுக்க வேண்டும். சிறிய பினியன், பெரிய கிரவுன் என்ற இரண்டு பல்சக்கரங்கள் அதைச் செய்கின்றன. இரண்டின் நடுக்கோடுகளும் ஒரே மட்டத்தில் சந்திக்கும்படி வைப்பது முந்தைய வழக்கம். 1920களில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்து கிளீசன் நிறுவனத்தார் பினியனைக் கிரவுனின் நடுவிலிருந்து கொஞ்சம் கீழே இறக்கி வைக்க வழி கண்டார்கள். ஹைப்பாய்டு என்பது அதன் பெயர். அந்தச் சிறு இறக்கத்தால் பினியன் பருமனானது, அதன் பற்கள் வலுவாயின. பல்லோடு பல் முட்டி உருள்வதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்வதால் சத்தமும் அடங்கியது. ஆனால் அப்படி வழுக்கும்போது நடுவிலுள்ள எண்ணெய்ப் படலம் வழிக்கப்பட்டுவிடும். சாதாரண எண்ணெய் அங்கே நிற்காது. அதனால்தான் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த எண்ணெய். பல்லின் மேற்பரப்பு சூடேறும் இடத்தில் அவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய தோல் ஒன்றைப் போர்த்துகின்றன. தேயத் தேய அந்தத் தோல் மறுபடி மறுபடி உண்டாகிறது.

ஹைலக்ஸுக்கு நான்கு சக்கர இயக்கம் வந்தது 1979-ல். அந்தத் தலைமுறை வண்டி ஒன்றின் பின் ஆக்சிலைப் புதுப்பிப்பதை ஓமானில் நிஸ்வா பக்கத்துப் பட்டறை ஒன்றில் கூடவே நின்று பார்த்தேன். ஜபல் அக்தர் மலைக்கு ஏறி இறங்கும் வண்டி அது. பிர்கத் அல் மவ்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்டி நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டியை மேலே விடமாட்டார்கள். பட்டறைக்காரர் நம் ஊர்க்காரர், வேலையில் நிதானமானவர்.

அந்த வண்டிக்குக் குறை வந்தது ஓடைத் தண்ணீரால். ஓடிச் சூடேறிய ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். மேலே உள்ள மூச்சுக்குழாய் சேறடைத்துக் கிடந்தால், ஆயில் சீலின் ஓரத்தால் தண்ணீரை உள்ளே இழுக்கும். எண்ணெய் பால்நிறமாகும், பேரிங்குகளில் புள்ளி விழும். விரல் நீளம்கூட இல்லாத அந்தக் குழாயைத் துடைத்து வைத்திருந்தால் ஆக்சிலின் ஆயுள் எத்தனையோ ஆண்டு கூடும்.

பிரிப்பதில் பெரிய வித்தை இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். இந்த ஆக்சிலில் கிரவுன், பினியன், பேரிங்குகள் எல்லாம் ஒரே கேரியரில் அமைந்திருக்கின்றன. இரண்டு பக்க ஷாஃப்டையும் உருவிக்கொண்டு, சுற்றிலுமுள்ள நட்டுகளைக் கழற்றினால், முழுவதும் முன்பக்கமாக வெளியே வந்துவிடும். வண்டியின் அடியில் மல்லாந்து கிடந்து அளவு பார்க்க வேண்டியதில்லை. மேசைமேல் வைத்து, நின்றபடி, நல்ல வெளிச்சத்தில் வேலை செய்யலாம். இதை வரைந்தவர் பின்னாளில் இதைத் திறக்கப்போகிற கையையும் மனத்தில் வைத்தே வரைந்திருக்கிறார்.

பேரிங் மூடிகளைக் கழற்றுமுன் பட்டறைக்காரர் ‘பஞ்ச்’ கருவியால் இடது மூடியில் ஒரு புள்ளியும் அதன் பக்கத்துக் கேரியரில் ஒரு புள்ளியும் குத்தினார், வலதில் இரண்டிரண்டு. மூடியைப் பூட்டிய நிலையில்தான் தொழிற்சாலையில் அந்தத் துளையைக் கடைந்திருப்பார்கள். பக்கம் மாறினால் வட்டம் வட்டமாக இருக்காது.

புதுப் பேரிங்குகளைக் காகிதத்திலிருந்து பிரித்தபோது ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஹென்றி டிம்கன் 1898-ல் காப்புரிமை பெற்ற வகையைச் சேர்ந்த, கூம்பு உருளைகள் கொண்ட பேரிங். ஒவ்வோர் உருளையின் சரிவையும், உள்வளையத்தின் சரிவையும், வெளிவளையத்தின் சரிவையும் மனத்தால் நீட்டிக்கொண்டே போனால், எல்லாக் கோடுகளும் நடு அச்சில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். அந்தப் புள்ளி வெறும் காற்றில் இருக்கிறது. அங்கே எந்த உலோகமும் இல்லை. ஆனால் கோடுகள் அங்கே சந்திப்பதால்தான் உருளைகள் எங்கும் இழுபடாமல் உருளுகின்றன, பக்கவாட்டில் வரும் தள்ளலையும் சேர்த்துத் தாங்குகின்றன.

புதுக் கிரவுனை அதன் கூட்டில் ஏற்றும் விதம் இன்னும் இனிமை. சுத்தியலால் தட்டி ஏற்றக் கூடாது. டொயோட்டாவின் பணிமனைக் கையேடு கொதிக்கும் நீரில் சூடாக்கச் சொல்கிறது. கேஸ் டார்ச் பிடித்தால் ஓரிடம் சிவக்கும், ஓரிடம் ஆறிக்கிடக்கும், பல்லின் கடினமும் கெடலாம். கொதிநீர் நூறு டிகிரியைத் தாண்டாது, எல்லாப் பக்கமும் ஒரே சூடு. பானையிலிருந்து எடுத்த கிரவுன்மேல் ஈரம் ஆவியாகும்வரை பொறுத்து, கூட்டின்மேல் வைத்தார். தன் எடையிலேயே இறங்கி உட்கார்ந்தது. ஆறிய பிறகே போல்ட்டுகளை முழுக்க முறுக்கினார்.

பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும் என்பதை அதன் தலைக்கும் பேரிங்குக்கும் இடையே போடும் ஒரு வாஷர் தீர்மானிக்கிறது. இந்த வாஷர்கள் 2.24, 2.27, 2.30 என்று 0.03 மில்லிமீட்டர் படிகளில் கிடைக்கின்றன. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் தலைமுடியில் பாதி அளவுகூட வித்தியாசம் இல்லை. டன் கணக்கில் பாரம் இழுக்கிற வண்டியின் குணத்தை அந்த வித்தியாசம் மாற்றிவிடுகிறது.

பிறகு ஸ்பேசர். இரண்டு பினியன் பேரிங்குகளுக்கும் நடுவே நிற்கும் இந்த இரும்புக் குழல் நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. நட்டை முறுக்க முறுக்கக் குழல் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும், பேரிங்குகளின் இறுக்கம் ஏறும். அளவைத் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. நசுங்கியது மீளாது, புதுக் குழல்தான் போடவேண்டும். "இங்க அவசரப்பட்டா ஸ்பேசர் போச்சு தம்பி" என்றார் பட்டறைக்காரர். நட்டைக் கொஞ்சம் திருப்புவார், பினியனை இரு பக்கமும் சுழற்றி உருளைகளை உட்கார வைப்பார், சிறிய டார்க் ரெஞ்சால் சுழல்வதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பார், மறுபடி கொஞ்சம் திருப்புவார். இந்த இடத்தில் காற்றுத் துப்பாக்கியால் நட்டை அடித்து முடிக்கிறவர்களிடம் என் வண்டியைக் கொடுக்கமாட்டேன்.

கிரவுனுக்கு இருபுறமும் மரை வெட்டிய இரண்டு வளையங்கள் உண்டு. ஒன்றைத் தளர்த்தி மற்றதை அதே அளவு முறுக்கினால் கிரவுன் பக்கவாட்டில் நகரும். பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு கிரவுனை மட்டும் ஆட்டினால், பல்லுக்கும் பல்லுக்கும் இடையே 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர்வரை ஆட்டம் இருக்கலாம். டயல் கேஜின் முள் அதைச் சொல்லும்.

இதற்குப் பிறகு வருவதைப் பார்க்கத்தான் நான் அங்கே நின்றேன். சிவப்பு ஈயப் பொடியை எண்ணெயில் குழைத்து, கிரவுனின் மூன்று இடங்களில் மூன்று நான்கு பற்களுக்குப் பூசினார். கையால் பினியனை இரு பக்கமும் சுழற்றினார். பல் பட்ட இடத்தில் சிவப்பு விலகி, ஒரு நீள்வட்டம் தெரிந்தது. அது பல்லின் உச்சியை ஒட்டியோ அகன்ற முனைப் பக்கமோ ஒதுங்கியிருந்தால் தடித்த வாஷர் வேண்டும். அடியை ஒட்டியோ குறுகிய முனைப் பக்கமோ கிடந்தால் மெல்லிய வாஷர். நடுவில் விழுந்து குறுகிய முனைப் பக்கம் இம்மி சாய்ந்திருந்தால் அதுவே நல்லது. பாரம் ஏறும்போது எல்லா உலோகமும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், தொடுமிடம் அகன்ற முனையை நோக்கி நகரும். அந்த நகர்வுக்கு முன்கூட்டியே இடம் விட்டிருக்கிறார்கள். முதல் பதிவு உச்சியை ஒட்டி விழுந்தது. பினியனை மறுபடி பிரித்து, ஒரு படி தடித்த வாஷர் போட்டு, புதுக் குழல் வைத்து, எல்லாவற்றையும் திரும்பச் செய்தார். அடுத்த பதிவு பல்லின் வயிற்றில் வந்து விழுந்தது. பல்லின் மறுமுகத்தையும் விடாமல் பார்த்தார். இதே கேரியர் இந்தத் தலைமுறை வண்டியின் முன் ஆக்சிலிலும் பொருந்தும், அங்கே முன்னோக்கி ஓடும்போது பாரம் சுமப்பது மறுமுகம்தான்.

கிரவுனில் 41 பல், பினியனில் 10. ஒன்றைத் தவிர இரண்டுக்கும் பொதுவான வகுஎண் இல்லை. 40 என்று வைத்திருந்தால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் அதே நான்கு பற்களையே ஆயுள் முழுக்கச் சந்தித்துக்கொண்டிருக்கும். ஒரு பல் கூடியதால் ஒவ்வொன்றும் எதிரிலுள்ள எல்லாவற்றையும் தொட்டுவருகிறது, தேய்மானம் எல்லோருக்கும் பங்காகிறது.

கேரியரைத் திரும்பப் பூட்டி, பக்கத்துத் துளையின் விளிம்புவரை எண்ணெய் ஊற்றியாயிற்று. சில நூறு கிலோமீட்டர் இலேசான பாரத்தில் ஓட்டிவிட்டு அந்த எண்ணெயை வடித்து மாற்றச் சொன்னார் பட்டறைக்காரர். புதுப் பற்கள் ஒன்றுக்கொன்று இணங்கும்போது உதிர்க்கும் நுண்துகள் முழுவதும் அந்த முதல் எண்ணெயோடு போய்விடும்.