சத்தத்தைப் பிடிப்பதும் பேரிங்கை அடிப்பதும்

பைக்கின் பின்சக்கர பேரிங் ஒரே நாளில் போய்விடுவதில்லை. முதலில், வேகம் கூடும்போது மட்டும் பின்னாலிருந்து மெல்லிய உறுமல் கேட்கும். செயின் காய்ந்துவிட்டது என்று ஆயில் விடுவார்கள். பிறகு வளைவில் வண்டியின் பின்பக்கம் நழுவுவது போலிருக்கும். டயரில் காற்று குறைவு என்று காற்று அடிப்பார்கள். உண்மையான காரணத்துக்கு வந்து சேர்வதற்குள் ஹப்புக்குள் கிரீஸ் வற்றி, குண்டுகள் ஓடும் பாதை செதில் செதிலாக உரிந்திருக்கும்.

இந்த வேலையை வீட்டு வாசலிலேயே முடித்துக்கொள்ளும் பழக்கம் செல்போன் வீடியோக்களின் புண்ணியத்தில் பரவியிருக்கிறது. கூலி மிச்சம் என்கிறார்கள் செய்பவர்கள். கெடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள் என்கிறார்கள் மெக்கானிக்குகள். இரண்டு பேச்சும் அடிப்பதையும் பூட்டுவதையும் பற்றியே இருக்கின்றன. ஆனால் வீட்டுக்காரரின் கை ஓங்கியிருப்பது நோயைக் கண்டுபிடிப்பதில். அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

தினமும் ஓட்டுபவருக்குத்தான் சத்தம் எந்த வேகத்தில் தொடங்கியது, மழைக்கு முன்னா பின்னா என்பதெல்லாம் தெரியும். பட்டறையில் தெருமுனை வரை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. ஓடும்போது கிளட்சைப் பிடித்துப் பார்க்கலாம். எஞ்சின் அடங்கியும் உறுமல் அடங்காவிட்டால் சந்தேகம் சக்கரத்தின் பக்கம் திரும்பும். அடுத்து வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் விட்டு, ஒரு கையால் ஸ்விங் ஆர்மைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டயரை இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும். ஸ்விங் ஆர்ம் அசையாமல் சக்கரம் மட்டும் ‘டக்’கென்று ஆடினால் பேரிங். இரண்டும் சேர்ந்து ஆடினால் ஸ்விங் ஆர்ம் புஷ். அந்த இரண்டாவது வாய்ப்பைச் சோதிக்காமலேயே நல்ல பேரிங்கைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்தால் பிரேக் ஷூ உரசுவதும் செயின் சலசலப்பதும் எல்லாவற்றையும் மூடிவிடும். ஆக்ஸிலை உருவிச் சக்கரத்தைக் கீழே எடுத்து, பேரிங்கின் உள்வளையத்துக்குள் விரலை விட்டுத் திருப்பிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. நல்ல பேரிங் சத்தமின்றி வழுக்கும். போனது மணல் அரைபடுவது போல நெருடும், அல்லது ஒவ்வோர் இடத்தில் சிக்கிச் சிக்கி நகரும். பல வண்டிகளில் ஹப்பின் இரு பக்கமும் இருக்கும் பேரிங்குகள் போக, ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் கப்ளிங்கில் தனியாக ஒன்று உட்கார்ந்திருக்கும். ஹப்பில் இருப்பவற்றை மட்டும் மாற்றிவிட்டுச் சத்தம் போகவில்லையே என்று தலையைச் சொறிபவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

காரணத்தையும் சேர்த்துத் தேடினால்தான் கண்டுபிடித்தது முழுமையாகும். பேரிங்குக்கு முதல் எதிரி தண்ணீர். ஆயில் சீல் தெறிக்கும் நீரையும் தூசியையும் தடுக்கும். வாட்டர் வாஷ் துப்பாக்கியை ஹப்புக்கு நேராகப் பிடித்துப் பீய்ச்சினால் தாங்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் முங்கிக் கிடந்த வண்டிகளுக்கு எஞ்சின் ஆயிலை மாற்றியதோடு வேலை முடிந்துவிடவில்லை. சக்கரத்துக்குள் புகுந்த சேற்றுநீர் கிரீஸைக் கெடுத்துத் துருவை விதைத்துவிட்டுத்தான் வடியும்.

வாங்குவது எளிது. பேரிங் மேலேயே எண் இருக்கும். நூறு சிசி வண்டிகள் பலவற்றில் காணப்படும் 6301 என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, தடிமன் 12 மில்லிமீட்டர். கம்பெனி எதுவானாலும் இதே அளவுதான். கூடவே வரும் எழுத்துகளில் 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் தகர மூடி. நம் மழைக்கும் வாட்டர் வாஷுக்கும் ரப்பர் மூடியே மேல். எண்ணைச் சொல்லி நம்பிக்கையான பேரிங் கடையில் வாங்குவது நல்லது, போலிகள் பெரிய பெயர்களின் டப்பாவிலேயே வருகின்றன.

சிக்கல் இனிமேல்தான். பழைய பேரிங்கை, எதிர்ப்பக்கத்திலிருந்து நீளக் கம்பியை விட்டு, நடுவில் கிடக்கும் ஸ்பேசரைச் சற்று ஒதுக்கி, உள்வளையத்தின் விளிம்பில் மாற்றி மாற்றித் தட்டி வெளியேற்றுவார்கள். அந்தத் தட்டலின் முழு வேகமும் குண்டுகள் வழியாகவே போவதால் கழற்றிய பேரிங்கை மறுபடி போடக் கூடாது. புதியதை ஏற்றும்போது அடி வெளிவளையத்தில் மட்டுமே விழ வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான். உள்வளையத்தில் உளியை வைத்து அடித்தால், கடினமேற்றிய எஃகுப் பாதையில் குண்டுகள் நுண்ணிய பள்ளங்களைப் பதித்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. சில வாரத்தில் பழைய உறுமல் திரும்பி வரும்; பழி கடைக்காரர் தலையில், ‘டூப்ளிகேட் கொடுத்துவிட்டான்’ என்று விழும்.

இந்தத் தவறு வீட்டுக்காரர்களின் தனிச்சொத்து அல்ல. அவசரத்தில் உளியும் சுத்தியலுமாக ஏற்றும் பட்டறைகளும் இருக்கின்றன. அவர்களுக்கு வாசலில் நாலு வண்டி காத்திருக்கும், வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை முழுதும் இருக்கிறது. அந்த நேரத்தைச் சூட்டுக்குச் செலவிட்டால் சுத்தியலின் வேலை பெரும்பாலும் குறைந்துவிடும். எஃகைவிட அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஹாட் ஏர் கன்னால் ஹப்பை 100 டிகிரி வரை சூடாக்கினால் 37 மில்லிமீட்டர் துளை சுமார் 0.06 மில்லிமீட்டர் அகலும். பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பதே நூறில் சில பங்கு மில்லிமீட்டர்தான். பாலித்தீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்திருந்த புது பேரிங், இப்போது வெளிவளைய அளவுக்குப் பொருந்தும் ஒரு சாக்கெட்டை வைத்து மெல்லத் தட்டினாலே இறங்கி உட்காரும்.

ஒரு பக்கத்து பேரிங் அடிவரை உட்கார்ந்ததும் ஸ்பேசரைப் போட வேண்டும். அதை மறந்தால் ஆக்ஸில் நட்டை முறுக்கும்போது இரு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி நெரிபடும். இரண்டாவது பேரிங் ஸ்பேசரைத் தொட்டதும் நிறுத்திக்கொள்ள வேண்டும், இன்னும் ஓர் அடி என்று ஆசைப்பட்டாலும் அதே கதிதான்.

வீட்டு வேலையின் உண்மையான ஆபத்து ஹப்புக்கு வெளியே இருக்கிறது. டிரம் பிரேக் வண்டியில் பிரேக் பிளேட்டைச் சுழலவிடாமல் ஸ்விங் ஆர்மோடு பிணைக்கும் ஸ்டே ராடின் போல்ட்டை மாட்ட மறந்தால், பிரேக் மிதித்த கணத்தில் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும், சக்கரமே பூட்டிக்கொள்ளலாம். பேரிங்கைத் தப்பாக ஏற்றினால் போவது சில நூறு ரூபாய். இங்கே போவது எலும்பு. வீடியோக்களோ பேரிங் இறங்கும் காட்சியை நிதானமாகக் காட்டிவிட்டு, செயின் நேர்பார்ப்பதையும் ஸ்டே ராடையும் ஸ்ப்ளிட் பின்னையும் வேகமாக ஓட்டிவிடுகின்றன.

ஆகவே முழு வேலையையும் வீட்டிலேயே செய்தாக வேண்டும் என்ற வீம்பில் அர்த்தமில்லை. கண்டுபிடித்து, சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கை வாங்கி, இரண்டையும் பிரெஸ் வைத்திருக்கும் லேத் பட்டறைக்குத் தூக்கிப்போவது கூச்சப்பட வேண்டிய காரியம் அல்ல. துளையே தேய்ந்து, பேரிங் கையால் தள்ளினாலே உள்ளே போகிறதென்றால் வேறு வழியும் இல்லை. சென்டர் பஞ்சால் துளையைச் சுற்றிப் புள்ளி அடித்து இறுக்கும் பழைய வித்தை உண்டுதான். மேடிட்ட அந்தப் புள்ளிகள் ஓட்டத்தில் நசுங்கியதும் பேரிங் மறுபடி ஹப்புக்குள் சுழன்று துளையை இன்னும் பெரிதாக்கும்; பிறகு லேத்தில் கடைந்து புஷ் போட வேண்டும், அலாய் வீல் என்றால் முழுச் சக்கரத்துக்கே விலை கேட்க வேண்டியும் வரலாம்.